மர்ரே ஆற்றில் பேசாத இருவர்

வாசக அன்பரே, உங்கள் கைப்பேசியில் உள்ள பெயர்களுள், கண்ணில் பட்டவுடன் விரல் விலகிப் போகும் பெயர் ஒன்றேனும் உண்டா? விடையை எனக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் நெஞ்சுக்குச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

ஆற்றில் ஆட்களைப் படகேற்றிச் சென்று, பறவைகளையும் விலங்குகளையும் படம்பிடிக்க வழிகாட்டுவது என் தொழில். அதன் முதல் விதி வாயை மூடிக்கொண்டிருப்பது. மெல்பர்னிலிருந்து வடக்கே காரில் மூன்று மணி நேரம் போனால் மர்ரே ஆறு வரும். படுக்கை அறைகளும் சமையல் மேடையும் கொண்ட படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, வசந்த காலத்தின் நீண்ட வார இறுதிகளில் நம்மவர்களை அழைத்துப் போகிறேன். கனத்த லென்ஸைக் கழுத்தில் சுமந்து, வராத பறவைக்காகக் கால் மரத்துப்போக நின்று, வந்த பறவையைக் கை நடுக்கத்தால் கோட்டைவிட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், நாம் இருவரும் ஒரே நோயால் பீடிக்கப்பட்டவர்கள். அந்த உரிமையில்தான் ஒரு பயணத்தின் நிகழ்ச்சிகளை உங்களிடம் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முன்பதிவு

ரஞ்சினி அக்கா தொலைபேசியில் அழைத்து நான்கு இடங்கள் கேட்டார். அவரும் கணவர் சிவபாதமும் ஒரு அறை; கணவரின் தம்பி குகனும் அவர் மனைவி மாலதியும் ஒரு அறை. பணிவாக ஒரு வேண்டுகோளும் வைத்தார்: சகோதரர் இருவருக்கும் மற்றவர் வருவது தெரியக் கூடாது. காரணத்தை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். குகன் புது வீட்டுக்குக் குடிபுகுந்தபோது, அண்ணனை நேரில் போய் அழைக்காமல், அலுவலக நண்பர்களுக்கு அனுப்பிய அதே அழைப்பை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டார். கூடப் பிறந்தவனுக்குக் குழுவில் ஒரு வரியா என்று அண்ணன் போகவில்லை. அண்ணன் வராத வீடு என்ன வீடு என்று தம்பி பேச்சை நிறுத்திவிட்டார்.

இப்போது அண்ணன் மகள் துளசிக்கு அடுத்த மாதம் திருமணம். முதல் அழைப்பிதழை மெல்பர்னின் கேரம் டவுன்ஸ் கோயிலில் சுவாமிக்கு வைத்தாயிற்று. உறவினர் அனைவருக்கும் நேரில் கொடுத்தாயிற்று. தம்பி வீடு ஒன்றுதான் மிச்சம். நம் முறைப்படி வீட்டுக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும். ஆனால், என்னை ஒழுங்காக அழைக்காத வீட்டின் வாசலை மிதிக்கமாட்டேன் என்கிறார் அண்ணன். வீட்டுக்கு வந்து சொல்லாத கல்யாணத்துக்குப் போகமாட்டேன் என்கிறார் தம்பி. துளசியோ சித்தப்பாவின் கைவிரலைப் பிடித்து நடை பழகியவள். அவர் இல்லாமல் அவள் மணவறையில் அமர்ந்தால், அந்தக் குறை ஆயுளுக்கும் தீராது. ஆகவே மனைவியர் இருவரும் சேர்ந்து செய்த சூழ்ச்சி இது. என் தொழிலில் இதற்கெல்லாம் இடமில்லையே என்று நான் தயங்கியபோது அக்கா சொன்னார்: “தம்பி, உங்கட படகில ஒருத்தரும் கதைக்கக் கூடாதெண்டு சட்டமாமே? அப்ப இவை ரெண்டு பேருக்கும் இதைவிடத் தோதான இடம் எங்கை கிடக்கு?”

படகுத்துறை

மெல்பர்னின் புறநகரான பொயிண்ட் குக்கிலிருந்து செந்திலும் அவர் மனைவி கவிதாவும் முதலில் வந்து சேர்ந்தார்கள். இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள், என்னைப் போல. பிறகு ஒரு கார்; சற்றுப் பொறுத்து இன்னொரு கார். சகோதரர் இருவரும் தத்தம் காரின் பின்கதவைத் திறந்து பையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்த கணத்தில் ஒருவரை ஒருவர் கண்டார்கள். மனைவியர் இருவரும் அந்த நேரம் பார்த்து ஆற்றின் அழகில் மூழ்கிவிட்டார்கள்.

திரும்பிப் போய்விடுவார்களோ என்று பயந்தேன். ஆனால், முதலில் திரும்பிப் போகிறவன் தோற்றவன் ஆவான் என்ற எண்ணமே இருவரையும் துறையில் நிறுத்தி வைத்தது. மனிதனின் வீம்பு சில வேளைகளில் அவனுக்கே தெரியாமல் நன்மை செய்துவிடுகிறது. பெரியவர் சிவபாதம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். “தம்பி, ஆறு பேர் எண்டுதானே சொன்னனீங்கள்? எண்ணிப் பார்த்தால் அஞ்சு பேர்தான் நிக்கினம்.” நான் வாய் திறப்பதற்குள், பத்தடி தள்ளி நின்ற இளையவர் ஆற்றைப் பார்த்துச் சொன்னார்: “நானும் எண்ணிப் பார்த்தனான். எனக்கும் அஞ்சுதான் வருகுது.”

கடிகாரக் கணக்கு

ஓடும் படகில் “அதோ, அந்த மரம்” என்று சொல்லிப் பயனில்லை. கரையெங்கும் யூகலிப்டஸ் மரங்கள்தான். ஆகையால் படகின் முன்முனையைப் பன்னிரண்டு மணியாக வைத்து, வலப்பக்கம் மூன்று மணி, இடப்பக்கம் ஒன்பது மணி என்று கடிகாரத் திசையில் மெல்லச் சொல்வோம். ஒருவர் கண்டதை எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் இரண்டாவது விதி. கண்டதைத் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொள்பவனுக்குக் காடு மறுமுறை எதையும் காட்டுவதில்லை என்பது என் நம்பிக்கை.

முதல் கோலாவைக் கண்டவர் சிவபாதம். தம்பி அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றார். சிவபாதம் அவரைத் தாண்டி, படகின் கடைசியில் நின்ற செந்திலுக்குக் குரல் கொடுத்தார்: “தம்பி செந்தில், பதினொரு மணிப் பக்கம் கோலா ஒண்டு நித்திரை. காணாத ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ.” உடனே குகன், “செந்தில், கண்டாச்சு எண்டு சொல்லிவிடுங்கோ. அதுக்குக் கீழை ரெண்டாவது கொப்பில குட்டியும் ஒண்டு இருக்கெண்டு அங்காலை சொல்லுங்கோ” என்றார். தாயும் குட்டியுமாகப் படம் எல்லோருக்கும் கிடைத்தது, ஒருவருக்குத் தவிர. அவர் என் காதோரம் வந்து முறையிட்டார்: “சார், நான் ஃபோட்டோ எடுக்க வந்தேனா, இவங்களுக்குத் தபால்காரனா வந்தேனா?”

கைப்பிடியில் ஒரு குருவி

சிவபாதம் கொண்டுவந்த லென்ஸ் ஒரு குழந்தையின் எடை இருக்கும். ஆற்றின் மறுகரையில் வெயில் காயும் ஆமையின் ஓட்டில் உள்ள கீறலைக்கூட அது காட்டும். குகனிடம் இருந்ததோ கைக்கு அடக்கமான சிறிய லென்ஸ். சனிக்கிழமை காலையில் தகைவிலான் குருவி ஒன்று, எங்களைச் சிறிதும் மதியாமல், படகின் கைப்பிடிக் கம்பியிலேயே வந்து அமர்ந்து இறகு கோதியது. பெரியவர் லென்ஸைத் திருப்பினார், திருகினார், மூச்சைப் பிடித்தார். படம் தெளியவேயில்லை. அவ்வகை லென்ஸ் சில அடி தூரமாவது விலகியிருப்பதைத்தான் தெளிவாகப் பார்க்கும். பக்கத்தில் இருப்பது அதற்கு வெறும் மங்கல்.

அன்பரே, இதற்கு நான் உரை எழுத வேண்டுமா? மறுகரையின் குறைகளை எல்லாம் துல்லியமாகக் காணும் கண்ணுக்கு, அருகில் வந்து அமர்ந்த அன்பு தெரியாமல் போவது லென்ஸுக்கு மட்டும் உள்ள குணமா? நான் மனத்துக்குள் இவ்வாறு பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, குகனின் சிறிய லென்ஸ் இரண்டு முறை சொடுக்கிக் குருவியைப் பிடித்துவிட்டது. ரஞ்சினி அக்கா கணவரின் தோளைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: “நான் கலியாணம் கட்டின நாள் துவக்கம் பார்க்கிறன், உங்களுக்குக் கிட்ட நிக்கிறது கண்ணில படாது.”

கூப்பிய கைகள்

அன்று மதியம், வெண்ணிற நெஞ்சுடைய கடற்கழுகு ஒன்று வானத்திலிருந்து ஆற்றை நோக்கி இறங்கியது. ஒரு வசந்தம் முழுக்கக் காத்திருந்தாலும் கிடைக்காத காட்சி அது. “மூணு மணி, மேலே!” என்றேன். அடுத்த கணம் கவிதா, “ஐயோ, கருடன்!” என்று கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கைகூப்பினார். அவ்வளவுதான். ரஞ்சினி அக்கா கூப்பினார். மாலதி கன்னத்தில் போட்டுக்கொண்டார். செந்தில், குகன், சிவபாதம் எல்லோரும் கும்பிட்டார்கள். கழுகு தண்ணீரைக் கிழித்து, மீனை எடுத்து, எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. உலகத்தில் வேறு எந்த நாட்டவரும் அந்தக் கணத்தில் கேமராவைக் கைவிட்டிருக்க மாட்டார்கள். என் கேமராவிலும் படம் இல்லை. ஏன் இல்லை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

“ஒருத்தருக்கும் இல்லையா? ஒரே ஒரு படமும் இல்லையா?” என்று செந்தில் ஒவ்வொருவராகப் பார்க்க, சகோதரர் இருவரும் ஒரே சமயத்தில், ஒரே மாதிரி, தோள் குலுங்கச் சிரித்தார்கள். தமது சிரிப்பு அடுத்தவர் வாயிலிருந்தும் வருவதைக் கேட்டு இருவரும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். கழுகைப் படம்பிடிக்காத வருத்தம் எனக்கு இருந்தது, கவிதாவுக்கு இல்லை. “சாமியே நேர்ல வந்து நிக்கும்போது கேமராவுக்குள்ள என்னங்க தேடுறது?” என்றார்.

பொந்தில் நின்ற குஞ்சு

மாலையில், ஆற்றோர மரமொன்றின் உயரமான பொந்திலிருந்து மரவாத்துக் குஞ்சுகள் வெளிவரப்போவதைக் கண்டுகொண்டோம். தாய்க்கு இடைஞ்சலாகாதவாறு மறுகரையில் படகைக் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுக்குப் பறக்கத் தெரியாது. ஆனால் தண்ணீரை அடைந்தாக வேண்டும். தாய் கீழே நீரில் நின்று அழைக்கும். குஞ்சுகள் அந்தக் குரலை நம்பி, அவ்வளவு உயரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குதிக்கும். பஞ்சுருண்டைகள் விழுவதுபோல் அவை விழுந்து, ஒன்றும் ஆகாதவை போல் எழுந்து நீந்தின. ஒரு குஞ்சு மட்டும் பொந்தின் விளிம்பில் நின்றுவிட்டது. எட்டிப் பார்க்கும், பின்வாங்கும்.

அந்த வேளை பார்த்துச் சிவபாதத்தின் கேமரா பேட்டரி தீர்ந்தது. மாற்று பேட்டரி அறையில் இருந்தது. நடந்தால் படகின் பலகை அதிரும். தாய் வெருண்டு விலகிவிடும். அவர் உறைந்து நின்றார். பக்கத்தில் நின்ற குகன், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே, சட்டைப்பைக்குள் கைவிட்டுத் தம்முடைய மாற்று பேட்டரியை எடுத்து நீட்டினார். இருவருடையதும் ஒரே நிறுவனத்துக் கேமரா. நீட்டிய கை சிறிது நேரம் காற்றில் நின்றது. பிறகு அண்ணன் அதை வாங்கிப் பொருத்தினார். நன்றி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அந்நியமாகியிருக்கும்.

நீந்திச் சென்ற தாய், மற்றக் குஞ்சுகளோடு திரும்பி அதே மரத்தடிக்கு வந்தது. “உன் உடன்பிறந்தவர்கள் குதித்துவிட்டார்களே, உனக்கு மட்டும் என்ன?” என்று அது கோபித்துக்கொண்டு போய்விடவில்லை, முன்னைவிட மெல்லிய குரலில் அழைத்தது. குஞ்சு கண்ணை மூடிக்கொண்டதோ என்னவோ, குதித்தது. இரண்டு கேமராக்கள் ஒன்றாகச் சொடுக்கின. முதல் விதியை மீறியவர் குகன். எவரையும் பாராமல் ஆற்றிடம் சொன்னார்: “கூப்பிடுற ஆள் திரும்பி வந்து ஒருக்காக் கூப்பிட்டால்தான், நிக்கிறவருக்கும் மனம் வரும்.”

எதிர் அறை

ஞாயிறு காலை நான் காபி கலந்துகொண்டிருந்தபோது சிவபாதம் வந்து நின்றார். முகம் மழித்து, காலர் வைத்த சட்டை அணிந்து, தலை வாரியிருந்தார். பறவை பார்க்கப் போகிறவர் அப்படி வருவதில்லை. “தம்பி, ஒரு விஷயம் கேக்கவேணும். இந்தப் படகில ஒருத்தர் எடுத்த அறை, கரைக்குப் போற மட்டும் அவருக்குத்தானே சொந்தம்?” என்றார். “ஆமாண்ணே. சாவி அவங்ககிட்டதானே இருக்கு. அவங்களைக் கேக்காம நான்கூட உள்ளே போக மாட்டேன்” என்றேன். “அப்ப, இண்டைக்கு அவன் குடியிருக்கிற இடம் அது. வேறை இடத்துக்கு நான் போகத் தேவையில்லை” என்றார் மெதுவாக. தம் வீம்பையும் முறிக்காமல் நம் முறையையும் முறிக்காமல் ஒரு மனிதர் இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த வழி அது. வழக்கறிஞர்களாலும் ஆகாது, அன்பு உள்ளவனால்தான் ஆகும்.

ரஞ்சினி அக்கா லென்ஸ் வைக்கும் பையைத் திறந்தார். லென்ஸ் இருக்க வேண்டிய குழியில் அழைப்பிதழும் குங்குமச் சிமிழும் இருந்தன. தட்டுக்குச் சமையல் மேடையிலிருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்தோம். வெற்றிலை இல்லை. வெறும் கார்டோடு போகலாமா என்று அக்கா தயங்க, கவிதா தம் பையிலிருந்த வாழைப்பழச் சீப்பை எடுத்துத் தட்டில் வைத்து, “எங்க ஊர்லேயும் இதாங்க முறை” என்றார். கணவனும் மனைவியுமாகத் தம் அறைக்கு எதிரே இருந்த கதவின் முன் நின்றார்கள். இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஓர் எட்டு இடைவெளி. சிவபாதத்தின் கை உயர்ந்தது, நின்றது, பிறகு தட்டியது. “வீட்டில ஆக்கள் நிக்கினமோ?”

கதவைத் திறந்தவர் குகன். இடுப்பில் சாரத்தோடு, வாயில் பல் துலக்கும் பிரஷோடு. தட்டைப் பார்த்தார். பிரஷை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டார். “வாங்கோ அண்ணை, வாங்கோ அண்ணி, உள்ளுக்கு வாங்கோ” என்றார். உள்ளே இடமில்லை. “கதிரை இல்லை, கட்டில்ல இருங்கோ. மாலதி, தேத்தண்ணி போடும்!” மாலதி கண்களைத் துடைத்தபடி எங்களைத் தள்ளிக்கொண்டு சமையல் மேடைக்கு ஓடினார். “துளசிக்கு வாற மாசம் கலியாணம். நீங்கள் ரெண்டு பேரும் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும். அதைச் சொல்லத்தான் வந்தனாங்கள்” என்று அண்ணன் தட்டை நீட்டினார். அதுவரை என் பயணிகளில் எவருக்கும் கற்பித்துத் தர முடியாத மௌனம் அப்போது படகில் இருந்தது. செந்தில் கேமராவைத் தூக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். குகன் தட்டை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். விருந்தாளியிடம் எல்லோரும் சொல்லும் உபசார வார்த்தைதான் வாயில் வந்தது: “இவ்வளவு தூரம் ஏன் அண்ணை கஷ்டப்பட்டு வந்தனீங்கள்?” ஓர் எட்டு தூரத்தைக் கடந்து வந்தவர் சொன்னார்: “தூரம்தானடா தம்பி. வந்திட்டன்.”

கரை

திங்கட்கிழமை கரை சேர்ந்து, பொருள்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். குகன் அண்ணனின் கார் அருகே போய், கைகட்டி நின்று, “அண்ணை, வாற சனிக்கிழமை மத்தியானம் எங்கட வீட்டை சாப்பிட வரவேணும். அண்ணியும் துளசியும் கட்டாயம். முகத்துக்கு நேரை சொல்லிப்போட்டன். பிறகு அப்பிடி இப்பிடி எண்டு கதை வரக் கூடாது” என்றார். சிவபாதம் இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டார். அந்த வீட்டுக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. கண்ணாடியை இறக்கினார். “வாறம். ஆனா வீடு எங்கை கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. லொகேஷனை மெசேஜில அனுப்படா.”

காட்டில் வாழும் உயிர்களுள் கிட்டே போய்ச் சேர மிகக் கடினமானது எது என்று என்னைக் கேட்பவர்களுக்கு, கூடப் பிறந்தவன் என்றே இப்போது பதில் சொல்லிவருகிறேன்.

அன்பரே, நல்ல நாள் பார்க்காதீர்கள். அவர் முதலில் வரட்டும் என்று காத்திராதீர்கள். நாளை என்பது நம் கையில் உள்ள நாள் அன்று. இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள், செருப்பை மாட்டுங்கள், இன்றே, இருட்டுவதற்குள், போய் அந்தக் கதவைத் தட்டுங்கள்.